பரிசு வந்தது, பத்திரிகை எங்கே?

தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு ஜூன் மாதம் நல்ல மாதமாகிவிட்டது. சாகித்ய அகாடமி தனது பால சாகித்திய புரஸ்காருக்குரிய பட்டியலை அண்மை ஆண்டுகளில் அந்த மாதத்தில்தான் வெளியிட்டு வருகிறது. 2025ஆம் ஆண்டுக்குரிய தமிழ் விருது 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்ற நூலுக்காக விஷ்ணுபுரம் சரவணனுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 'தன்வியின் பிறந்தநாள்' நூலுக்காக யூமா வாசுகிக்கும், 2023இல் 'ஆதனின் பொம்மை' நூலுக்காக உதயசங்கருக்கும், 2022இல் 'மல்லிகாவின் வீடு' நூலுக்காக ஜி. மீனாட்சிக்கும் கிடைத்தது. ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும் விருதாக வழங்கப்படுகின்றன. பாராட்டுக் கூட்டங்கள் நடக்கின்றன, மாலைகள் விழுகின்றன, பத்திரிகைகளில் படம் வருகிறது. விழ வேண்டிய கழுத்துகளில்தான் மாலை விழுகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கும், மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலும் வளரும் பிள்ளைக்கும் இந்தப் பட்டியலால் என்ன வந்தது என்று கேட்டால், பதில் அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. பரிசு பெற்ற புத்தகங்களில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பிள்ளைகளின் தகப்பனார்கள் சிறுவர்களாக இருந்தபோது தமிழில் இப்படியொரு விருது கிடையாது. ஆனால் மாதம் தவறாமல் மலையேறி வந்த 'அம்புலிமாமா' இருந்தது. 'கோகுலம்' இருந்தது. இன்று விருது இருக்கிறது. அந்தப் பத்திரிகைகள் இல்லை.

எழுதுகிறவர் யார்?

பால சாகித்திய விருது தொடங்கியது 2010இல். முதல் ஆண்டு தமிழில் பெற்றவர் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' எழுதிய மா. கமலவேலன். அடுத்த ஆண்டு 'சோளக் கொல்லைப் பொம்மை' என்ற பாடல் நூலுக்காகப் புதுவை ம.இலெ. தங்கப்பா. தொடர்ந்து கொ.மா. கோதண்டம், ரேவதி, ஆயிஷா இரா. நடராசன், செல்ல கணபதி, குழ. கதிரேசன் எனப் பட்டியல் வளர்ந்து, இன்று பதினாறு பெயர்களாகி நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கப்பாவின் நூலில் சோளக்கொல்லைப் பொம்மை. 2020இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்தில் மரப்பாச்சிப் பொம்மை. உதயசங்கரின் நூலிலும் பொம்மை. 2022இல் மலையாளத்துக்கான அதே விருதைப் பெற்ற சேதுவின் 'சேக்குட்டி'யும் பொம்மைதான். 2018 வெள்ளத்தில் நனைந்து வீணான சேந்தமங்கலம் கைத்தறித் துணியிலிருந்து பிறந்த பொம்மை அது. நடுவர்களுக்குப் பொம்மை பிடிக்கும் போலும்!

வேடிக்கை ஒருபுறமிருக்க, பரிசு பெற்றவர்களின் பிழைப்பு என்ன என்று பார்த்தால் இன்னொரு செய்தி தெரிகிறது. உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். நடராசன் பள்ளித் தலைமையாசிரியர். 2017இல் பெற்ற வேலு சரவணன் நாடகக்காரர். மீனாட்சி பத்திரிகையாளர். 2019இல் பெற்ற தேவி நாச்சியப்பன், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் மகள். அந்த வள்ளியப்பாவோ இந்தியன் வங்கி ஊழியர்.

வள்ளியப்பாவின் கதை, அலுவலகக் கணக்குப் புத்தகத்தோடு நாளைக் கழிப்பவர்களுக்குச் சற்று நெருக்கமான கதை. புதுக்கோட்டைச் சீமையில் ராயவரத்தில் 1922இல் பிறந்தவர். படிப்பை முடித்ததும் வை. கோவிந்தனின் 'சக்தி' காரியாலயத்தில் காசாளராக உட்கார்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. எழுதத் தூண்டினார். 1941இல் வங்கி வேலை கிடைத்தது. வேலையை விடாமலே 1944இல் இருபத்து மூன்று பாடல்கள் கொண்ட 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். நாளெல்லாம் ரூபாய் அணா பைசா; இரவில் குழந்தைப் பாட்டு. தமிழில் குழந்தை இலக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தது. வயிற்றுக்கு ஒரு உத்தியோகம், மனதுக்கு ஓர் எழுத்து.

அப்படியானால் குழந்தை இலக்கியத்தையே உத்தியோகமாகக் கொண்டவர் எவருமே இல்லையா? இருந்தார்கள். குழந்தைப் பத்திரிகைகளின் காரியாலயத்தில் இருந்தார்கள். மாதச் சம்பளம் தந்த இடம் அது ஒன்றுதான்.

நாற்காலி மாறியபோது

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஓரிடம் விட்டு மற்றோரிடம் போவது வெளியில் சின்னச் செய்தி. அமெரிக்காவில் 1872 முதல் வரும் புத்தகத் தொழில் வார இதழ் ஒன்று, எந்தப் பதிப்பாளரிடமிருந்து எந்த ஆசிரியர் எங்கே போனார் என்பதை இங்கே கலெக்டர்கள் மாற்றத்தை அச்சிடுவதுபோல் அச்சிட்டு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனத்தின் சிறுவர் நூல் பிரிவுக்கு 1940 முதல் 1973 வரை தலைமை வகித்தவர் அர்சுலா நார்ட்ஸ்ட்ராம் என்ற அம்மையார். மோரிஸ் செண்டாக்கும் ஈ.பி. ஒயிட்டும் எழுதிய சிறுவர் நூல்கள் அவர் மேஜையைக் கடந்துதான் உலகம் சுற்றின. ஒரு நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படிப்பது தீர்மானமாகிறது.

கேரளத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. மலையாளத்தில் ஒரு காலத்தில் முன்னணியில் நின்ற சிறுவர் பத்திரிகை 'பூம்பாற்ற'. கொச்சியின் பை அண்டு கம்பெனி, அதாவது பைகோ, அதை நடத்தியது. அதன் ஆசிரியராக இருந்த என்.எம். மோகன் 1980களின் தொடக்கத்தில் மலையாள மனோரமாவின் 'பாலரமா'வுக்குப் போனார். 1984இல் 'மாயாவி' என்ற குட்டிச்சாத்தான் படக்கதை பாலரமாவில் தொடங்கியது. பிறகு நடந்ததை மலையாளிகள் எல்லோரும் அறிவார்கள். பூம்பாற்ற மங்கியது, பாலரமா எழுந்தது. ஆசிரியர் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மனோரமாவின் ஏஜெண்டு பலமும் சேர்ந்தது. என்றாலும் அந்த ஒரு மனிதர் இடம் மாறியதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

அதே பைகோ அதே 1980களின் நடுவில் தமிழிலும் ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கியது. அதுதான் 'பூந்தளிர்'. அதன் ஆசிரியராக அமர்ந்தவர் வாண்டுமாமா. இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி, வள்ளியப்பாவைப் போலவே புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். 1972இல் கல்கி காரியாலயம் 'கோகுலம்' தொடங்கியபோது பொறுப்பேற்றிருந்தவரும் அவரே. சென்னையில் பெயர் பெற்ற ஒரு தமிழ் ஆசிரியரைக் கொச்சிக்காரர்கள் தேடி அழைத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை போட்டார்கள் என்பதைக் கேரளத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கே தமிழுக்கு வாசகர் உண்டு, அவரிடம் காசும் உண்டு என்று ஒரு மலையாள நிறுவனம் அன்று கணக்குப் போட்டது. சுப்பாண்டியும் கபீஷ் குரங்கும் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

கோகுலத்தின் ஆசிரியர் பொறுப்புக்கு, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வள்ளியப்பா வந்தார். 1989 மார்ச் மாதம் மறையும்வரை அவர் பெயர் அதில் இருந்தது. ஆக 1980களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் வள்ளியப்பா, மறுபக்கம் வாண்டுமாமா. நடுவில் 1947 முதல் வந்துகொண்டிருந்த அம்புலிமாமாவில் ஓவியர் சங்கரின் விக்கிரமாதித்தன், வேதாளத்தைத் தோளில் சுமந்தபடி. இன்று ஐம்பதைத் தாண்டிய எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் கண்கள் ஒளிரும்.

(கோகுலம் பிறந்ததும் 1972, பாலரமா பிறந்ததும் 1972, இடுக்கி மாவட்டம் பிறந்ததும் அதே 1972. மூன்றில் இரண்டு இன்றும் இருக்கின்றன.)

ஆளில்லாத ஆசனம்

அம்புலிமாமா பல கைமாறி, 2007இல் மும்பைக் கணினி நிறுவனமொன்றின் கைக்குப் போய், 2013 வாக்கில் நின்றது. கோகுலம் 2019இல் நின்றது. 1999இல் தொடங்கிய 'சுட்டி விகடன்' 2020ஐ ஒட்டி அச்சில் வருவதை நிறுத்தியது. ஆசிரியர் மாற்றம் என்று பேசிய காலம் போய், மாற்றுவதற்கு நாற்காலியே இல்லாத காலம் வந்துவிட்டது.

காரணங்களை நீட்ட வேண்டியதில்லை. காகித விலை, விளம்பரம் கிடைக்காமை, பிள்ளைகள் கையில் கைப்பேசி, தமிழ் படிக்கத் தடுமாறும் ஆங்கிலப் பள்ளிப் படிப்பு. இவற்றில் கடைசிக் காரணம்தான் கனமானது. ஆனால் அது நகரத்துக்குப் பொருந்தும் அளவுக்குத் தோட்டப் பகுதிக்குப் பொருந்தாது. தமிழ் வழிப் பள்ளிகள் இன்னும் நடக்கும் எல்லைப் பகுதியில், பத்திரிகை நின்றதற்கு இங்குள்ள பிள்ளை காரணமல்ல. சென்னையிலும் கோவையிலும் வாசகர் குறைந்ததால் மூணாற்றுக்கு வருவதும் நின்றது. நகரத்தான் படிப்பதை விட்டான். மலையில் இருப்பவன் இழந்தான்.

பத்திரிகைக்குப் பதில் புத்தகம் இருக்கிறதே என்று கேட்கலாம். புத்தகங்கள் முன்னைவிட அதிகமாகவே வருகின்றன. பாரதி புத்தகாலயம், வானம் போன்ற பதிப்பகங்கள் சிறுவர் நூல்களுக்கென்றே உழைக்கின்றன. 2021இல் எழுத்தாளர்கள் ஒன்றுகூடித் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர் சங்கமும் கண்டார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் புத்தகம் வேறு, பத்திரிகை வேறு. புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். பத்திரிகை தேடி வரும். மதுரையிலும் கோவையிலும் அச்சாகும் தினசரிகளின் கட்டுகளோடு அதுவும் போடிமெட்டு ஏறும், வாளையார் கடக்கும், குமுளியில் இறங்கும். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும். சம்பள நாளில் தேங்காய், வெங்காயத்தோடு அதையும் வாங்கிப் பையில் போடலாம். புத்தகக் கண்காட்சி நடக்கும் ஊருக்குத் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போக முடியும்.

இன்னொன்றும் உண்டு. பத்திரிகையில் பிள்ளையின் பெயர் அச்சில் வரும். துணுக்கு எழுதலாம், படம் வரைந்து அனுப்பலாம், விடுகதைக்கு விடை எழுதலாம். தேவிகுளம் தாலுகா என்று விலாசம் போட்டுத் தன் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்த பிள்ளைக்கு, தான் எந்த மொழிக்காரன் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பரிசு பெற்ற எந்தப் புத்தகமும் இந்த வேலையைச் செய்யாது. அது அதன் வேலையும் அல்ல.

மலையாளத்தின் வழி

இந்தப் பட்டியலில் எல்லைத் தமிழர்கள் மட்டும் கவனிக்கக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தமிழ் விருதைப் பெற்றவர்கள் மலையாளத்திலிருந்து தொடர்ந்து மொழிபெயர்ப்பவர்கள். உதயசங்கரும் யூமா வாசுகியும் மலையாளச் சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யூமா வாசுகிக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி மொழிபெயர்ப்பு விருதை வாங்கித் தந்த நூலோ ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. அந்தக் கசாக் பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் கிராமம்தான். இன்று விஜயனின் நினைவகமும் அங்கேதான் இருக்கிறது. ஓர் ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராக வரும் இளைஞனின் கதை அது. பாலக்காட்டுக் கதை பட்டுக்கோட்டைக்காரர் கையால் தமிழாகி உலகத் தமிழர் கைக்குப் போய்விட்டது.

மலையாளக் குழந்தை இலக்கியத்தின் செல்வத்தைத் தமிழுக்குத் தருகிறவர்கள் கோவில்பட்டியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இரு மொழியும் வீட்டிலும் வீதியிலும் புழங்கும் சித்தூர்க்காரரும் பீர்மேட்டுக்காரரும் அந்த வேலைக்குப் பிறவியிலேயே தகுதி பெற்றவர்கள். அங்கிருந்து ஏன் ஒரு பெயர் இந்த வரிசையில் எழவில்லை? திறமைக் குறைவு காரணமல்ல. துணுக்கு எழுதி அனுப்ப ஒரு பத்திரிகையும், அதைத் திருத்திப் போட ஓர் ஆசிரியரும் இல்லாத இடத்தில் எழுத்தாளர் முளைப்பது அரிது. காசாளராக உட்கார்ந்த வள்ளியப்பாவுக்கு ஒரு தி.ஜ.ர. கிடைத்தார் அல்லவா?

இரு அரசுகளுக்கு நடுவே

தமிழ்நாட்டு அரசு சும்மா இருக்கவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று சிறுவர் இதழ்களை வெளியிட்டது. மாணவர்களின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அவற்றில் இடமுண்டு. ஆனால் அவை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்காக ஏற்பட்டவை. கேரள அரசும் சும்மா இருக்கவில்லை. 1981லேயே பாலசாகித்திய இன்ஸ்டிட்யூட் ஒன்றை நிறுவியது. அதன் 'தளிர்' மாத இதழுக்குக் கவிஞர் சுகதகுமாரி ஆசிரியராக இருந்தார். ஆனால் அது மலையாளத்தில் வருவது. போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏற்பாடு, மேலே ஓர் ஏற்பாடு. மேட்டிலேயே நிற்கும் தமிழ்ப் பிள்ளை இரண்டிலும் சேர்த்தியில்லை.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய வழக்கு நடந்தது. சித்தூர் தாலுகா அதற்கு முன்பே கொச்சி ராஜ்யத்தின் பகுதி. நிலம் போன வழி முடிந்த கதை. ஆனால் மொழி உரிமை அதோடு முடியவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தரும் திருத்தம் 1973இல் சேர்ந்தது. மனுவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்பது இதன் பொருள். ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் எழுதியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் இதழ் வேண்டும் என்று எழுதியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் இதற்கு வாசல் இல்லாமலும் இல்லை. பி.என். பணிக்கர் 1945இல் திருவிதாங்கூரில் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் மாநில நூலகக் கவுன்சிலாக நிற்கிறது. அதில் இணைந்த நூலகங்களுக்குப் புத்தக மானியம் உண்டு. பிள்ளைகளுக்கென்று 'பாலவேதி' என்ற அமைப்பும் உண்டு. மானியத்தில் என்ன புத்தகம் வாங்குவது என்பதை அந்தந்த நூலகத்தின் நிர்வாகக் குழுவே முடிவு செய்கிறது. குழுவில் தமிழர் உட்கார்ந்தால் தமிழ்ப் புத்தகம் வரும். உட்காராவிட்டால் வராது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சந்தா கட்டி உறுப்பினராவதற்குத் தமிழன் என்று தடை எதுவும் கிடையாது.

நூலகம் நடத்தப் பெரிய கட்டடம் வேண்டும் என்பதும் இல்லை. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, காட்டுக்குள் இருக்கும் முதுவான் பழங்குடிப் பஞ்சாயத்து. அங்கே ஒரு டீக்கடைக்காரர் சாக்கில் கட்டி வைத்த நூற்றறுபது புத்தகங்களோடு நூலகம் நடத்தியதைச் செய்தியாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். உறுப்பினராக ஒரே தடவை இருபத்தைந்து ரூபாய். பிறகு மாதம் இரண்டு ரூபாய். நடந்தே போக வேண்டிய காட்டில் முடிந்த காரியம், பஸ் நிற்கும் கஞ்சிக்கோட்டிலும் நெடுங்கண்டத்திலும் முடியாதா? தொழிற்சங்கக் காரியாலயங்களில் மேஜையும் பெஞ்சும் ஏற்கனவே கிடக்கின்றன. போனஸ் பேச்சு முடிந்தபின் மாலையில் அவை காலியாகவே இருக்கின்றன.

தமிழில் சிறுவர் பத்திரிகையே அற்றுப்போய்விடவும் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிர்' அறிவியல் மாத இதழ் சந்தாவுக்குத் தபாலில் வரக்கூடியது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் ஒரே படக்கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக அச்சிட்டு வருகிறது. அடுத்த வீட்டு மலையாளப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே படத்தை ஆளுக்கொரு மொழியில் படிக்கலாம் என்றால் எல்லைப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை. விற்கிறவர்கள் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19ஐக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. பள்ளி திறந்த மாதம். நூலகங்களில் கூட்டம் நடக்கும் வாரம். அகாடமியின் விருதுப் பட்டியலும் அதே மாதம்தான் வருகிறது. அந்த வாரம் நடக்கும் நூலகக் கூட்டத்தில் பரிசு பெற்ற நான்கைந்து தமிழ்த் தலைப்புகளையும் ஒரு மாத இதழின் சந்தாவையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுக்கலாம். அதைத் தமிழிலேயே எழுதலாம்.